நாய் பாய்ந்து வரும்போது

பொழுது புலர்வதற்கு முன்பே நாம் வெட்டுக்காட்டில் இருக்கிறோம். பிரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் உளியும் மறு கையில் வாளியுமாக நிரைக்குள் நுழையும்போது நமக்கு எதிரே இருப்பவை இருட்டும் மரங்களுமே. பாம்புக்கு அஞ்சிக் காலடியைப் பார்த்து நடக்கப் பழகிய நாம், நாய்க்கு அந்த அளவு அஞ்சுவதில்லை. நாய் நம்மோடு லயத்தில் வளர்ந்த பிராணி. நம் தட்டில் மிஞ்சிய சோற்றைத் தின்று நம் வாசலில் படுத்துக்கிடப்பது. ஆனால் வாசலில் படுத்திருக்கும் நாய் வேறு. எவரோ கொண்டுவந்து காட்டோரத்தில் விட்டுச்சென்று, பசியோடும் குட்டிகளோடும் புதருக்குள் கிடக்கும் நாய் வேறு. பன்றி வேட்டைக்கென வளர்க்கப்பட்டு வழிதவறிய நாய்களும், காவலுக்குக் கட்டிவைக்கப்பட்டுச் சங்கிலி அறுந்த நாய்களும் உண்டு. இவை நம்மை அறியா. நாமும் இவற்றை அறியோம்.

இத்தகைய நாயொன்று கண்ணில் பட்டது முதல் மேலே பாய்வது வரை நமக்குக் கிடைப்பவை சில விநாடிகளே. அந்த விநாடிகளில் உட்கார்ந்து யோசிக்க இயலாது. முன்னரே மனத்தில் பதித்துவைத்திருப்பதைத்தான் உடல் செய்யும். ஆகவே, ஆர அமர இருக்கும் இவ்வேளையில் அதனைக் கற்றுக்கொள்வோம்.

ஓட்டமே முதல் தவறு

நாயைக் கண்டதும் கால்கள் தாமாகவே ஓட முற்படும். இது மனித இயல்பு. ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. முயலையும் பன்றியையும் துரத்திப் பிடித்து வாழ்ந்த இனத்தின் வழிவந்தது அது. அசையாமல் இருப்பதைவிட அசைந்து விலகுவதே அதன் கண்ணை ஈர்க்கிறது. ஓட்டத்திலும் நாம் அதனை வெல்ல முடியாது. மணிக்கு 30 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வரக்கூடிய பிராணியின் முன்னால், ரப்பர்க் காலணி அணிந்து பால்வாளி ஏந்தியவர் எவ்வளவு தூரம் ஓடிவிட முடியும்? பத்தடி ஓடுவார், வேரில் இடறி விழுவார். நின்றவரைக் குரைத்துவிட்டுப் போயிருக்கக்கூடிய நாய், விழுந்தவரைக் கடிக்கிறது.

ஆகவே முதற்காரியம் நிற்பது. கைகளை வீசாமல் உடலோடு ஒட்டிவைத்துக்கொண்டு, நாய்க்குப் பக்கவாட்டில் உடலைச் சற்றே திருப்பி நிற்க வேண்டும். அதன் கண்களை உற்றுப் பார்க்கலாகாது; உற்றுப் பார்ப்பதை நாய் சண்டைக்கு அழைப்பதாகவே கொள்ளும். பார்வை அதன் கால்களிலோ தரையிலோ இருக்கட்டும். ஆனால் நாயைப் பார்வையிலிருந்து முழுமையாக விட்டுவிடவும் கூடாது. அலறுதல் வேண்டா. தாழ்ந்த உறுதியான குரலில் "போ" என்று ஒரே சொல்லைச் சொல்லலாம். நெற்றி விளக்கின் ஒளியை நேராக அதன் கண்ணில் பாய்ச்சுவதைவிட, சற்றுக் கீழே அதன் முன்னங்கால்களில் விழும்படி வைத்துக்கொள்வது நல்லது. அப்போது அதன் அசைவு நமக்குத் தெரியும். நம் முகம் அதனை நேராக நோக்கியபடியும் இராது.

பெரும்பாலான நாய்கள் இந்த நிலையில் வந்து முகர்ந்துவிட்டோ, சுற்றிக் குரைத்துவிட்டோ விலகிவிடும். அவற்றுக்கு வேண்டியது நாம் அந்த இடத்தைவிட்டு நீங்குவதே. குட்டி போட்ட நாயாயின் இது முற்றிலும் உண்மை. நாய் சற்றுத் தணிந்ததும் முதுகைக் காட்டாமல், பக்கவாட்டாகவும் பின்னோக்கியும் ஒவ்வோர் அடியாக விலக வேண்டும். அது நம் பார்வையிலிருந்து மறையும் வரை விரைந்து நடக்கலாகாது. அந்த நிரையில் வெட்டாமல் விட்ட மரங்களைப் பற்றிக் கங்காணியிடம் பின்னர் சொல்லிக்கொள்ளலாம்.

"குரைக்கிற நாய் கடிக்காது" என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது மனிதர்களைப் பற்றியதே அன்றி நாய்களைப் பற்றியது அன்று. குரைக்கிற நாயும் கடிக்கும். எனினும், குரைக்காமல் தலையைத் தாழ்த்தி, முதுகு மயிரைச் சிலிர்த்து, வாலை விறைப்பாக வைத்துக்கொண்டு, உதட்டை விலக்கிப் பல்லைக் காட்டி ஒரே நேர்க்கோட்டில் வரும் நாய்க்கு நாம் மிகுதியாக அஞ்ச வேண்டும். வால் ஆடுவதையும் நம்பிவிடலாகாது. உடல் முழுவதும் நெகிழ்ந்து ஆடும் வால் நட்புக்குரியது. உடல் விறைத்து நிற்க, உயரத் தூக்கிய வால் நுனி மட்டும் துடிப்பது நட்புக்குரியதன்று.

கல்லும் கம்பும் வாளியும்

குனிந்து கல்லெடுப்பதுபோல் பாவனை செய்தால் நாய் ஓடிவிடும் என்பது நம்மில் பலருடைய அனுபவம். கல்லடி பட்ட நாய்களிடம் இது பலிக்கும். ஆனால் நாய் இருபது முப்பதடி தொலைவில் இருக்கும்போது மட்டுமே இதனைச் செய்யலாம். அருகில் வந்துவிட்ட நாயின் முன்னால் குனிவது, நம் முகத்தையும் கழுத்தையும் அதன் வாய்க்கு நேராகக் கொண்டுபோய் வைப்பதாகும். தயங்கி நிற்கும் நாயின்மீது உண்மையாகவே கல்லை விட்டெறிந்து அதனைச் சினமூட்டுவதும் நன்றன்று.

நாய் விலகாமல் நெருங்குமானால், நமக்கும் அதற்கும் இடையே ஏதேனும் ஒரு பொருளை வைக்க வேண்டும். பால்மரமே நமக்கு முதல் துணை. முதுகை மரத்தில் சாய்த்துக்கொண்டால் பின்னாலிருந்து பாய வழியில்லை. இரண்டு மூன்று நாய்கள் சேர்ந்து வரும்போது இது உயிர் காக்கும். கூட்டமாக வரும் நாய்களில் ஒன்று முன்னால் குரைத்துக்கொண்டிருக்க, மற்றொன்று பின்பக்கம் வந்து காலைக் கவ்வுவது வழக்கம். அடுத்த துணை நம் வாளி. அதனைக் கேடயம்போல் முன்னால் நீட்டிப் பிடித்தால் நாய் வாளியைத்தான் கடிக்கும். பால் கொட்டிப்போகுமே என்று வாளியை அணைத்துக்கொள்பவர் உண்டு, கொட்டட்டும். காண்டாக் கம்போ, குடையோ, தோளில் மாட்டிய பையோ எதுவாயினும் நம் கைக்கு முன்னால் அது இருக்க வேண்டும். மடித்த குடையைத் திடீரென விரிப்பதும் நாயை மருளச் செய்யும்.

உளியைப் பற்றி ஒரு வார்த்தை. கையில் கூரான உளி இருக்க, அதனால் நாயைக் குத்தலாமே என்று தோன்றும். நாம் அதனைப் பரிந்துரைக்க மாட்டோம். உளியின் பிடி குட்டையானது. அதனால் நாயை எட்ட வேண்டுமாயின் நம் கையையே அதன் வாய்க்கருகில் கொண்டுபோக வேண்டும். கீழே விழ நேர்ந்தால் அதே உளி நம் உடலில் பாயும். நாய் நெருங்கும்போது உளியைச் சற்றுத் தள்ளிப் போட்டுவிட்டு வாளியையோ கம்பையோ பற்றுவதே அறிவுடைமை.

சைக்கிளில் செல்வோர் இறங்கிச் சைக்கிளை நடுவில் நிறுத்திக்கொண்டு, அதனைத் தள்ளியபடியே விலக வேண்டும். நாய் துரத்துவது பெரும்பாலும் சுழலும் சக்கரத்தையே. சக்கரம் நின்றால் பாதிச் சினம் தணியும். மோட்டார் சைக்கிளோட்டிகளின் நிலை இன்னும் இக்கட்டானது. செம்மண் சடக்கில், பின்னால் ஒட்டுப்பால் மூட்டையை ஏற்றிக்கொண்டு, நாயை உதைக்கக் காலைத் தூக்கினால் வண்டி சரியும். கால்களை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு, வேகத்தைத் தணித்து, நேராகச் செல்வதே நல்லது.

பல் பதிந்துவிட்டால்

இவ்வளவு செய்தும் நாய் கவ்விவிடலாம். அப்போது கையையோ காலையோ வெடுக்கென்று இழுக்கலாகாது. நாயின் பல் உள்நோக்கிப் பற்றுவது. இழுத்தால் சதை கிழியும். துளையாக இருந்திருக்க வேண்டிய காயம் கிழிசலாக மாறுவது இவ்வாறுதான். இழுக்காமல் நின்று, உரக்கக் குரல்கொடுத்து, மறு கையிலுள்ள பொருளால் அதன் மூக்கின்மீது அடிக்க வேண்டும். சட்டையையோ பையையோ கவ்வியிருந்தால் அதனை அதற்கே விட்டுவிடலாம்.

எப்பாடு பட்டாயினும் விழாமல் நிற்க வேண்டும். விழுந்துவிட்டால், குப்புறக் கவிழ்ந்து முழங்கால்களை வயிற்றோடு மடக்கி, இரு கைகளையும் கோத்துப் பிடரிமீது வைத்து, முன்கைகளால் காதுகளை மூடி, முகத்தை முழங்கால்களுக்கிடையே புதைத்து, கல்போல் கிடக்க வேண்டும். கழுத்தும் முகமும் காப்பாற்றப்பட்டால் ஏனைய காயங்கள் ஆறிவிடும். பக்கத்து நிரையில் இருப்பவர் ஓடிவந்து விழுந்தவரைப் பிடித்திழுப்பது தவறு. கோணிப்பை இருந்தால் நாயின் தலைமீது போடலாம், வாளி நீரை அதன் முகத்தில் வீசலாம், கம்பால் விலக்கலாம்.

சிறுவர்களுக்கு இதனைச் சொற்களால் விளக்கிப் பயனில்லை. "மரமாக நில்", "கல்லாகக் கிட" என்று இரண்டு விளையாட்டுகளாகக் கற்றுத்தர வேண்டும். மாலையில் லயத்து முற்றத்தில் நாம் "நாய்!" என்றதும் குழந்தைகள் மரமாக நிற்க வேண்டும், "விழுந்தாய்!" என்றதும் கல்லாகச் சுருள வேண்டும். பத்து நாள் விளையாடினால் போதும். சிறு குழந்தையின் முகம் நாயின் வாய்க்கு நேர் உயரத்தில் இருக்கிறது என்பதைப் பெரியவர்களாகிய நாம் மறந்துவிடுகிறோம். தின்றுகொண்டிருக்கும் நாயையும், குட்டிக்குப் பால் கொடுக்கும் நாயையும், உறங்கும் நாயையும் குழந்தைகள் தொடலாகாது; அது நம் வீட்டு நாயே ஆனாலும் சரி.

பல்லைவிடக் கொடியது

கடியின் வலி சில நாளில் தீரும். அதன்பின் வரக்கூடியதே நம்மை அஞ்சவைப்பது. வெறிநாய் நோய் கண்ட நாயின் உமிழ்நீரில் அந்நோயின் கிருமி இருக்கிறது. கடிவாயின் வழியே உள்ளே புகும் அக்கிருமி இரத்தத்தில் பாய்ந்தோடுவதில்லை. நரம்பைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல மூளையை நோக்கி ஏறுகிறது. அதற்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் ஆகின்றன. ஒரு வாரத்தில் ஏறியதும் உண்டு, ஓராண்டு சென்று ஏறியதும் உண்டு. மூளையை எட்டி, நீரைக் கண்டால் அஞ்சுதல், காற்றுப் பட்டால் நடுங்குதல் முதலிய குறிகள் தோன்றிவிட்டால், பின்னர் பிழைப்பவர் ஏறத்தாழ ஒருவருமில்லை. கிருமி நரம்பில் ஏறிக்கொண்டிருக்கும் அந்த இடைக்காலமே நமக்குக் கிடைத்த தவணை. முகத்திலும் தலையிலும் பட்ட கடிக்குத் தவணை குறைவு. மூளை அருகில் இருக்கிறதல்லவா?

இது நம் நாட்டில் இல்லாத நோய் என்று எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. 2015ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகிய மாநிலங்களில் நாய்களிடம் இந்நோய் கண்டறியப்பட்டது. 2017ஆம் ஆண்டு ஜூலையில் சரவாக்கில், செரியான் வட்டாரத்தில் தொடங்கிப் பரவியது. அங்கு முதலில் மாண்டவர்கள் சிறு குழந்தைகள். அதன்பின் அம்மாநிலத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்துள்ளனர். கூலிம், பாலிங், சீக் எனப் பால்மரங்கள் நிறைந்த வட்டாரங்கள் கெடாவில்தான் இருக்கின்றன என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

வாயில் எச்சில் ஒழுக, தாடை தொங்க, தள்ளாடி நடந்து, கண்ட மரத்தையும் மண்ணையும் கடித்துக்கொண்டு வரும் நாயை எவரும் அடையாளம் காண்பர். அத்தகைய நாயிடம் அசையாமல் நிற்பதை மட்டும் நம்பலாகாது. கதவோ, வேலியோ, வண்டியோ இடையில் இருக்க வேண்டும். ஆனால் இக்குறிகள் தோன்றுவதற்குச் சில நாள்களுக்கு முன்பே உமிழ்நீரில் கிருமி வந்துவிடுகிறது. அப்போது நாய் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆகவே "நல்ல நாய்தான், ஒன்றும் செய்யாது" என்னும் பேச்சுக்கு இடமில்லை. கடித்தால்தான் ஆபத்து என்பதுமில்லை. நம் விரல்களில் உளி கீறிய காயம் ஆறாமல் இருக்கும். அதன்மீது அந்நாயின் நாக்குப் பட்டாலும் கிருமி உள்ளே செல்லும்.

கடிபட்டவுடன் செய்ய வேண்டிய காரியம் மிக எளியது. எளியதாக இருப்பதனாலேயே நாம் அதனை மதிப்பதில்லை. ஓடும் நீரில், சோப்புப் போட்டு, 15 நிமிடங்கள் காயத்தைக் கழுவ வேண்டும். இந்தக் கிருமியைச் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவதுபோலவே சோப்பு அவ்வுறையைக் கரைத்துவிடுகிறது. உறையிழந்த கிருமி செயலற்றுப்போகிறது. குளிக்கும் சோப்பு, துணி துவைக்கும் சோப்பு எதுவும் ஆகும். 15 நிமிடம் என்பது நாம் எண்ணுவதைவிட நீண்ட நேரம். ஒருவர் மணி பார்க்க, மற்றொருவர் நீர் ஊற்ற வேண்டும். வெட்டுக்காட்டிலிருந்து குழாயடிக்கு வரத் தொலைவாயின், குடிக்கக் கொண்டுபோன நீரைக்கொண்டே கழுவத் தொடங்கிவிட வேண்டும். பையில் தீப்பெட்டி அளவு சோப்புத் துண்டு ஒன்றைக் காகிதத்தில் சுற்றி வைத்திருப்பது பாரமான காரியமன்று. கழுவியபின் அயோடின் மருந்து இருந்தால் தடவலாம்.

மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்த்தூள் ஆகியவற்றைக் காயத்தில் அப்பும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. பாட்டிமார் அன்போடு செய்வதுதான். ஆயினும் இவை கிருமியைக் கொல்வதில்லை. காயத்தைப் புண்ணாக்கி, மருத்துவரின் வேலையைக் கடினமாக்குகின்றன. மந்திரிப்பதும் கயிறு கட்டுவதும் மனத்துக்கு ஆறுதல் தருமாயின், கழுவி ஊசி போட்டுக்கொண்ட பிறகு செய்துகொள்ளட்டும். இறுக்கிக் கட்டுப் போடுவதும் வேண்டா.

கழுவிய கையோடு அன்றே அரசாங்கச் சுகாதார நிலையத்திற்கோ மருத்துவமனைக்கோ செல்ல வேண்டும். ஊசி என்றதும் நம்மிற் பலர் பின்வாங்குவதற்குக் காரணம் உண்டு. 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இத்தடுப்பு மருந்தைச் செலுத்தச் செய்து அவனைக் காப்பாற்றினார். அதன்பின் நெடுங்காலம் இம்மருந்து வயிற்றில், நாள்தோறும், பத்துக்கும் மேற்பட்ட ஊசிகளாகப் போடப்பட்டது. அந்த வேதனையை நம் தாத்தாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று அப்படியில்லை. ஊசி மேற்கையில் போடப்படுகிறது. சிறு குழந்தைகளுக்குத் தொடையில். முதல் நாள், அதிலிருந்து 3ஆம், 7ஆம், 14ஆம், 28ஆம் நாள் என ஐந்து ஊசிகள் போடும் முறையும் உண்டு. அதனினும் குறைந்த முறைகளும் உண்டு. ஆழ்ந்த கடியாயின் காயத்தைச் சுற்றியும் தனி மருந்து ஒன்று செலுத்தப்படும். எது வேண்டும் என்பதை மருத்துவர் முடிவு செய்வார். இசிவு நோய்க்கான ஊசியைப் பற்றியும் அவரிடம் கேட்க வேண்டும். கடிபட்டு ஒரு வாரம் கழிந்துவிட்டதே, இனிப் போய் என்ன பயன் என்று இருந்துவிடலாகாது. குறிகள் தோன்றாதவரை காலம் கடக்கவில்லை.

ஒரு நாள் சம்பளம் போகுமே என்று கழுவாமலும் காட்டாமலும் மறைத்து வேலை செய்பவர்களையும் நாம் அறிவோம். வேலையின்போது நேர்ந்த கடியைக் கங்காணியிடமும் தோட்ட அலுவலகத்திலும் அன்றே சொல்லி, எழுத்தில் பதியச் செய்ய வேண்டும். 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ச் சொக்சோவில் பதிவு பெற்றவர், பின்னர் கோரிக்கை வைக்க நேர்ந்தால் இப்பதிவு கைகொடுக்கும். புதிதாக வந்துள்ள அயல்நாட்டுத் தோழர்களுக்கு மொழி தெரியாது. கடிபட்டால் எங்கே செல்வதென்பதும் தெரியாது. அவர்களை அழைத்துச் செல்வது பக்கத்து நிரைக்காரராகிய நம் பொறுப்பு.

கடித்த நாயை உடனே அடித்துக் கொல்வது வழக்கமாகிவிட்டது. அவ்வாறு செய்யலாகாது. அது உரிமையாளருள்ள நாயாயின், கட்டிவைத்து 10 நாள்கள் கவனிக்க வேண்டும். பத்து நாளும் அது நலமாக இருந்தால், கடித்த நாளில் அதன் உமிழ்நீரில் கிருமி இல்லை என்று பொருள். மருத்துவர் அதற்கேற்ப எஞ்சிய ஊசிகளைப் பற்றி முடிவு செய்வார். ஆனால் அப்பத்து நாளும் ஊசியை ஒத்திப்போட்டுக் காத்திருக்கக் கூடாது. நாய் இறந்துவிட்டால் அதனைப் புதைக்காமலும் வெறுங்கையால் தொடாமலும் கால்நடைச் சேவைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மூளையைச் சோதித்தே நோயை உறுதிசெய்ய முடியும். தெருநாய்களுக்கு விஷம் வைப்பதும் வேண்டா. அதனைத் தின்னப்போவது நம் கோழியாகவோ, தவழும் குழந்தையாகவோ இருக்கலாம்.

லயத்தின் பின்புறம் கொட்டிக்கிடக்கும் மீன் குடலும் சோறும்தான் காட்டு நாய்களை நம் வாசலுக்கு அழைத்துவருகின்றன. குப்பைத் தொட்டிக்கு மூடி கேட்டு நிர்வாகத்திடம் மனு கொடுப்பது, நாய் பிடிப்பவரை வரவழைக்க ஊராட்சி மன்றத்துக்கு எழுதுவது ஆகியன தோட்டத்துத் தலைவர்கள் எடுத்துச் செய்ய வேண்டிய பணிகள். நாய் வளர்ப்போர் உரிமம் எடுப்பதோடு, ஆண்டுதோறும் தடுப்பூசி போடவும் வேண்டும்.

ஊசி தொடங்கியவருக்குச் சுகாதார நிலையத்தில் ஓர் அட்டை தருவார்கள். அடுத்த ஊசிக்குரிய நாள்கள் அதில் குறிக்கப்பட்டிருக்கும். அதனை அலமாரிக்குள் பூட்டிவைக்காமல், வீட்டு நாள்காட்டியின் பக்கத்தில் மாட்டி, அந்தந்தத் தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, கங்காணிக்கும் முன்னதாகச் சொல்லிவைக்க வேண்டும்.